தம்பியின் தரை

என் தம்பி கட்டிலில் படுக்க மாட்டான். பாய் விரித்தால் சுருட்டி மூலையில் வைத்துவிடுவான். தலையணை என்ற பொருள் எதற்காக இருக்கிறது என்பது அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெறும் சிமென்ட் தரையில் ஒருக்களித்துப் படுத்து, இடது கன்னத்தைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே கிடப்பான். நாற்பதை நெருங்கும் ஆள். மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது. அவனுக்குப் பேச்சு ஒரே ஒரு சொல்தான்: போதும்.

சோறு வேண்டாம் என்றாலும் போதும். சத்தம் தாங்க முடியவில்லை என்றாலும் போதும். மனசு நிறைந்து உட்கார்ந்திருந்தாலும் போதும். எந்தப் போதும் என்பதை நாங்கள்தான் குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். நானும் என் கணவரும் அதில் தேறிவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே, தரைக்கு ஈரம் தடுக்கும் பூச்சு தேடிக் கடை கடையாக ஏறி இறங்கிய நாட்களில், எந்த இடத்துத் தரை என்பதுதான் கடைக்காரர்களின் முதல் கேள்வி. வண்டி நிறுத்துகிற இடமா மேடம், குடோனா, ஜிம்மா என்று கேட்டார்கள். ஒரு மனிதனின் கன்னம் படுகிற இடம் என்று சொன்னால் எந்த டப்பாவை எடுத்துத் தருவார்கள்?

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், ஈசிஆர் சாலையிலிருந்து கடல் பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. எனக்கு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. கணவருக்கு கேளம்பாக்கம் பக்கம் ஓர் ஐடி கம்பெனி. பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்க்கிறார். அம்மா போன பிறகு தம்பி எங்களோடு வந்துவிட்டான். அவனுக்காகத்தான் ஃப்ளாட்டை விட்டுவிட்டுத் தனி வீடாகத் தேடினோம். லிஃப்ட் சத்தம் இருக்காது, மாடியில் யாரும் நாற்காலி இழுக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

வீட்டை எங்களுக்கு விற்றவர் ஒரு சினிமாப் பைத்தியம். வீட்டுக்கு அடியில் ஏழடி ஆழத்துக்குத் தோண்டி, கான்கிரீட் சுவரும் தரையும் போட்டு, ஹோம் தியேட்டர் கட்டியிருந்தார். முதல் மழைக்காலத்திலேயே சோபாவின் கால்கள் ஊறி, திரையில் பூஞ்சை பிடித்து, அவருடைய படம் இடைவேளைக்கு முன்பே முடிந்துவிட்டது. "கீழ ரூம ஸ்டோரா வெச்சிக்குங்க சார், சும்மா ஜில்லுனு இருக்கும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். ஜில்லென்று இருக்கும் என்றதில் பொய் ஒன்றும் இல்லை. நாங்கள் பழைய பெட்டிகளைக் கீழே தள்ளிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அந்த மனிதரை நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

நாங்கள் குடிவந்தபோது பக்கத்து மனையில் சீமைக்கருவேலம்தான் இருந்தது. பிறகு அங்கே ஒரு சிற்பப் பட்டறை வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இப்போது வரிசையாக நிற்கின்றன. உளி அடிக்கும் சத்தத்தைத் தம்பி பொருட்படுத்தவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அதற்குத் தகுந்தபடி தலையாட்டிக்கொண்டிருப்பான். ஆனால் கருங்கல்லை மிஷின் வைத்து அறுப்பார்களே, அந்தச் சத்தம் ஆரம்பித்தால் எனக்கே பல் கூசும். தம்பி சுவரில் போய்த் தலையை மோதிக்கொள்வான். போதும் போதும் போதும் என்று கத்தியபடி மோதுவான். ஹாலில் அவன் தலை பட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து கிடக்கிறது. அங்கே காலண்டர் மாட்டியிருக்கிறோம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பட்டறைக்காரரிடம் போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன். அவர் கல்தூசியோடு எழுந்து நின்று, நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இன்னா மேடம் பண்ணச் சொல்றீங்க?" என்றார். "உளியாலயே அடிச்சிகினு குந்தியிருந்தா ஒரு சிலை முடிக்கவே வருசம் ஆவும். நான் நிறுத்துனா பக்கத்துப் பட்டறைக்காரன் நிறுத்துவானா? எல்லார்கிட்டயும் ஆர்டர் கீது." அன்று மத்தியானம் இரண்டு இளநீர் அனுப்பி வைத்தார். தம்பிக்காம். மனுஷர் கோபப்படக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, தம்பியின் சத்தத்தைக் காணோம். வீடெங்கும் தேடினோம். தெருவுக்கு ஓடிவிட்டானோ என்று கணவர் வண்டியை எடுக்கப் போனார். அப்போதுதான் கீழறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தேன். படி இறங்கிப் போனால், பழைய பெட்டிகளுக்கு நடுவே தம்பி படுத்திருக்கிறான். கன்னம் தரையில். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்: மிஷின் சத்தம் இல்லை. மேலே ஓடிக்கொண்டுதான் இருந்தது, அங்கே வரவில்லை. ஏழடி மண் அதைத் தின்றுவிட்டது.

"போதும்" என்றான் தம்பி. மெதுவாக, மூச்சு விடுவதுபோல. அப்படி ஒரு போதும் அவன் வாயிலிருந்து அதுவரை வந்ததே இல்லை. அன்று கீழேயே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்த அறை தம்பியின் அறை ஆயிற்று. பெட்டிகளை அகற்றினோம். சுவரில் தலை மோதுவது நின்றது. ஒரு கோடைகாலம் முழுக்க நாங்கள் மூவரும் மனிதர்களாக வாழ்ந்தோம்.

ஐப்பசி பிறந்தது. மழை வந்தது. தரை முதலில் நிறம் மாறியது. பிறகு ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைக்கத் துடைக்க ஈரம் சுரந்துகொண்டே இருந்தது. தம்பி எழுந்தால் சட்டையின் இடப்பக்கம் மட்டும் நனைந்திருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் இந்த ஈரத்தை ஓதம் என்போம். அகராதியில் பார்த்தால் ஓதத்துக்குக் கடல் என்றும் பொருள் போட்டிருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் கடல். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்த புண்ணியவான் இந்தத் தெருவில்தான் எங்கேயோ குடியிருந்திருக்க வேண்டும்.

இருமல் ஆரம்பித்தது. பிறகு மூச்சு இழுத்தது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. வார்டு என்றால் சத்தம்தானே. டிராலி சத்தம், பக்கத்துப் படுக்கைக்காரரின் போன், மூச்சுக்கு மருந்து கொடுக்கிற அந்த மிஷினே ஒரு கொர்ரென்ற சத்தம். தம்பி மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தான், கட்டில் கம்பியில் தலையை மோதினான். அவன் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினார்கள். கட்டாமல் மருந்து ஏற்ற முடியாது என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அவன் என்னையே பார்த்தபடி போதும் என்றான். திரும்பத் திரும்பச் சொன்னான். நான் கட்டை அவிழ்ப்பேன் என்று நம்பிச் சொன்னான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒண்ணு தரை காயணும். இல்ல, ரூம மாத்தணும். மறுபடி நெஞ்சுல சளி கட்டுச்சுன்னா அட்மிஷன்தான்." ரூமை மாற்றினால் சுவரில் மோதிக்கொள்வான். தரையை இப்படியே விட்டால் மறுபடியும் கையைக் கட்டுவார்கள். எனக்கு வேறு பயம் எதுவும் மிச்சமில்லை. அந்தக் கை கட்டுதான்.

கணவருக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கம். அங்கே அவருடைய சித்தப்பா வீட்டில், வயலைப் பார்த்த ஓர் அறையில், தம்பியைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தோம். மிஷின் சத்தம் கிடையாதுதான். ஆனால் அது அவனுடைய தரை இல்லை. சாப்பிடாமல், படுக்காமல், வாசலைப் பார்த்து நின்றுகொண்டே இருந்தான். திரும்பக் கூட்டிவந்தோம். "வா மச்சான், நம்ம வூட்டுக்கே போலாம்" என்று கணவர் சொன்னபோது காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டான்.

சரி, தரையைக் காயவைப்போம் என்று இறங்கினேன். ரப்பர் ஷீட் விரித்தேன். ஓரத்தைப் பிடித்து உரித்துச் சுருட்டி, பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். ஈரம் உறிஞ்சுகிற மிஷின் வாங்கினோம். அது உறுமிற்று, அன்றே திருப்பிக் கொடுத்தோம். டைல்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் படுத்தான். பூச்சுதான் ஒரே வழி என்றாயிற்று.

இணையத்தில் ஒரு சோதனை சொல்லியிருந்தார்கள். பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளுக்கு அடியில் துளித்துளியாக நீர் கோத்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது என்று பொருள். தம்பி டேப்பைப் பிய்த்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். பிய்க்கவில்லை. தாளுக்குப் பக்கத்தில் படுத்து, அடியில் துளிகள் உருவாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு துளி இன்னொன்றோடு சேர்ந்தபோது சிரித்தான். ஆக, ஈரம் கீழிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பூச்சுகளைப் பற்றி வகுப்பு எடுக்கும் அளவுக்கு அதற்குள் படித்துவிட்டேன். எபாக்ஸி என்பது தரைமேல் தோல்போலப் படிந்து பளபளவென்று நிற்கும். தரை காய்ந்திருந்தால்தான் பிடிக்கும், அடியிலிருந்து ஈரம் தள்ளினால் கிளம்பிவிடும். இன்னொன்று சிமென்ட்டோடு சேர்ந்த பூச்சு. ஈரத் தரையிலேயே அடிக்கலாம், உள்ளே இறங்கித் துளைகளை அடைக்கும், காய்ந்த பிறகு மங்கலாகச் சிமென்ட் தரைபோலவே இருக்கும். தம்பியின் கன்னத்துக்கு இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றி என்ன செய்ய? என் படிப்பெல்லாம் போனில் படித்ததுதானே.

கேளம்பாக்கத்தில் இதற்கென்றே ஒரு கடை இருக்கிறது, ஆளும் அவர்களே அனுப்புவார்கள் என்றார்கள். போன் பண்ணினேன். பேஸ்மென்ட் தரையில் ஓதம் ஏறுகிறது, கோட்டிங் போட வேண்டும் என்றேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "பேஸ்மென்ட் எவ்ளோ ஹைட்டு மேடம்?"

"ஏழு அடி."

"ஏழு அடியா? எப்பா! மழை வந்தா ஊரே உங்க வூட்டாண்டதான் வந்து நிக்கணும்."

ஊர்த் தண்ணீரெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று கேலி செய்வதாக நினைத்துக்கொண்டேன். சுருக்கென்று வந்தது. "அதுக்குத்தானே உங்களக் கூப்பிடுறேன்" என்றேன்.

"ஏழு அடிக்கு இன்னா பயம் மேடம்? சும்மா லேசா ஓதம் இருக்கும். எபாக்ஸி அடிச்சா ஜம்முனு நிக்கும்."

"சிமென்ட் கோட்டிங்னு ஒண்ணு படிச்சேன். ஈரம் அடியிலிருந்து வருதுங்க..."

"அத்தெல்லாம் உங்களுக்குத் தேவையே இல்ல. முப்பது வருசமா இதே தொழிலு மேடம்."

முப்பது வருஷ அனுபவத்துக்கு முன்னால் என் பிளாஸ்டிக் தாள் எம்மாத்திரம். சரி என்றேன்.

அடுத்து, எப்போது அடிப்பது என்ற பிரச்சனை. பூச்சு அடித்துக் காயும்வரை தம்பி மேலே இருந்தாக வேண்டும். மேலே இருக்க வேண்டுமானால் பட்டறைகள் ஓடக்கூடாது. எல்லாப் பட்டறையும் சேர்ந்தாற்போல் மூடுவது பொங்கலுக்குத்தான். அதிலும் ஒரு சிக்கல். போகி விடியற்காலையில் தெருப் பிள்ளைகள் மேளம் தட்டுவார்கள். அப்போது அவன் கீழேதான் இருக்க வேண்டும். காணும் பொங்கல் அன்று கடற்கரைக்கு ஊர் உலகமே வந்து இறங்கும்; ஹாரனும் ஊதலும் மைக்கும் காது கிழியும், அப்போதும் கீழேதான் இருக்க வேண்டும். ஆக, போகிப் பகலில் தொடங்கி மாட்டுப் பொங்கலுக்குள் எல்லாம் முடிய வேண்டும். பண்டிகை நாளில் எந்த ஆள் வேலைக்கு வருவான்? கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒருவரைச் சம்மதிக்க வைத்தேன்.

போகியன்று மேளம் ஓய்ந்தது. பட்டறைகள் மூடிக் கிடந்தன. தம்பியை மெல்லப் பேசி மேலே கூட்டிவந்து, ஜன்னலோரம் உட்காரவைத்தோம். அவன் பழக்கத்தில் காதைப் பொத்தினான். பிறகு ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்து ஒரு கையை எடுத்தான். பூச்சுக்காரர் டூவீலரில் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்தால், மனுஷர் ஹாலில் எங்கள் சோபாவைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ, இங்க இல்லைங்க. கீழ."

"கீழன்னா?"

கதவைத் திறந்து காட்டினேன். இரண்டு படி இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். "மேடம், இது அண்டர்கிரவுண்டு ஆச்சே!"

"ஆமா. பேஸ்மென்ட்."

"இன்னா மேடம் நீங்க! பேஸ்மென்ட்டுன்னா கடைக்கால்ல இருந்து எழுப்பி, மண்ணு ரொப்பி, மேல தரை போடுறது. தோ, இப்ப நீங்க நிக்கிறீங்களே, இதான் பேஸ்மென்ட். ஏழு அடின்னு சொல்லியனுப்புனாரு. வெளியேருந்து பாத்தா ரெண்டு படிதான் கீது, இன்னாடா இதுன்னு நானே ரோசனை பண்ணிகினுதான் உள்ள வந்தேன்."

மழைக்கு ஊரே எங்கள் வீட்டுக்கு வரும் என்று கடைக்காரர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. ஏழடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிற வீடு என்று அவர் மெச்சியிருக்கிறார். ஊர் தஞ்சம் கேட்டு வரும் என்றிருக்கிறார். கட்டட வேலைக்காரர்கள் எல்லாருக்கும் பேஸ்மென்ட் என்றால் தரைக்கு மேலே எழும்புவது. படித்த எனக்கு மட்டும் தரைக்குக் கீழே போவது. இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நேர் எதிர்த் திசையில் ஏழடி நடந்திருக்கிறோம். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அந்த சிமென்ட் கோட்டிங் இருக்கா?"

"கடையிலதான் கீது. ஷட்டர் இறக்கிட்டு அவரு ஊருக்குப் போய்ட்டாரு. காணும் பொங்கல் கழிச்சிதான் வருவாரு. என்கிட்ட கீறது எபாக்ஸிதான்."

கணவர் வேறு கடைகளுக்கெல்லாம் போன் அடித்தார். பாதி எடுக்கவில்லை, எடுத்தவர்கள் பொங்கல் வாழ்த்துச் சொன்னார்கள். பூச்சுக்காரர் கீழே போய்த் தரையைத் தொட்டுப் பார்த்தார், விரலை முகர்ந்து பார்த்தார். "ஹாலஜன் லைட்டு போட்டுக் காயவெச்சி அடிச்சிடலாம். நிக்கும்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க மேடம்" என்றார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். எங்களுக்கும் இதை விட்டால் இன்னொரு அமைதியான நாள் எப்போது என்று தெரியாது. ஜன்னலோரம் தம்பி இருமினான். அந்த இருமலில் ஒரு சளிச் சத்தம் கரகரத்தது.

"இன்னா பண்ணலாம், நீயே சொல்லு" என்றார் கணவர்.

"அடிங்க" என்றேன்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலில்கூட எபாக்ஸி வாடைதான். பூட்டிய கீழறைக் கதவில் கன்னத்தை வைத்து நின்றுகொண்டே இருந்தான் தம்பி. சாப்பாட்டை அங்கேயே ஊட்டினேன். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் கதவைத் திறந்தபோது, தரை கண்ணாடி போலிருந்தது. மேலே எரிந்த ட்யூப்லைட் தரைக்குள்ளும் எரிந்தது. "ஹோம் தியேட்டருக்காரர் பாத்தா வூட்டத் திருப்பிக் கேப்பாரு" என்றார் கணவர். நான் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நிஜமாகவே காய்ந்திருந்தது.

காணும் பொங்கல் காலையில் முதல் ஊதல் சத்தம் கேட்டதுமே தம்பி கீழே ஓடினான். நாங்கள் பின்னாலேயே போனோம். கடைசிப் படியில் நின்றுவிட்டான். ஒரு காலை வைத்துப் பார்த்தான். மண்டியிட்டான். கன்னத்தை வைத்தான், எடுத்தான், வேறோர் இடத்தில் வைத்தான், எடுத்தான். கடைசியில் படுத்துக்கொண்டு, "போதும்" என்றான்.

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எந்தப் போதும் என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஆனால் சட்டை நனையவில்லை. உப்புப் பூக்கவில்லை. தை முடிவதற்குள் இருமல் குறைந்தது. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, பரவாயில்லையே என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தவறான சொல்லைச் சொல்லி, தவறான டப்பாவை வாங்கி, அதுவே சரியாகப் போய்விட்டது என்றால் சாமி நம் பக்கம்தான் என்று பட்டறைக்காரருக்குக்கூட ஒரு பெட்டி ஸ்வீட் கொடுத்தேன். எதற்கு என்று புரியாமல் வாங்கிக்கொண்டார்.

மாசியில் முதல் கொப்புளம் வந்தது. அதைக் கண்டுபிடித்ததும் தம்பிதான். சுவரோரம் தரை லேசாக உப்பி நின்றது. விரலால் அமுக்குகிறான், உள்ளே தண்ணீர் ஓடி வேறு பக்கம் உப்புகிறது. முன்பு பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் பார்த்துச் சிரித்தானே, அதே சிரிப்பு. பிறகு இன்னொரு கொப்புளம், அப்புறம் நாலைந்து. ஒன்றை நகத்தால் கீறினான். கலங்கிய தண்ணீர் வடிந்தது. கீறிய ஓரத்தைப் பிடித்து உரித்தான். உரித்த இடத்தில் ஈரமான, மங்கலான, பழைய சிமென்ட். கன்னம் வைக்கிற அளவுக்கு மட்டும் உரித்துவிட்டு, அதில் கன்னத்தை வைத்துப் படுத்தான்.

"போதும்" என்றான். இந்தப் போதும் எங்களுக்குத் தெரிந்தது. முதல்நாள் இந்த அறையைக் கண்டுபிடித்தபோது சொன்ன அதே போதும்.

பூச்சுக்காரரை மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை சிமென்ட் கோட்டிங் மூட்டையோடு வந்தார். தரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "இதுமேல அத்த அடிக்க முடியாது மேடம். எபாக்ஸிய மொத்தமா எடுக்கணும். கிளம்புன எடம் கையில வரும். மத்தது பிடிச்சிகினு கீது. கிரைண்டர் போட்டாத்தான் வரும்."

"எந்த மாதிரி கிரைண்டர்?"

அவர் மேலே, பட்டறைகள் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். அவர் வரும்போது அங்கே கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். "தோ, அதே மிஷின்தான்."

எங்கே அந்தச் சத்தம் வராது என்று தம்பி தேடிக் கண்டுபிடித்தானோ, அந்த அறைக்குள்ளேயே அதைக் கொண்டுவந்து ஓட்ட வேண்டும். மூடிய அறையில் கான்கிரீட்டில் அது ஓடினால் வீடே அதிரும், மேலே இருந்தாலும் தப்ப முடியாது, தெருவுக்குப் போனால் பட்டறைகள், அச்சரப்பாக்கத்துக்குப் போனால் சாப்பிடாமல் நிற்பான். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த மூட்டை இன்னமும் படிக்கு அடியில் கிடக்கிறது. அதுவும் ஈரம் பட்டு இறுகத் தொடங்கிவிட்டது என்று நேற்று கணவர் சொன்னார்.

இப்போது மறுபடியும் மழை. தம்பி உரித்துவைத்த இடம் பெரிதாகிவிட்டது. மற்ற இடங்களை நானும் கணவரும் பட்டி போடுகிற தகட்டை வைத்துக் கையாலேயே சுரண்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு ஞாயிறு முழுக்கச் சுரண்டினால் ஒரு தாம்பாளம் அளவு வருகிறது. சத்தம் போடாமல் சுரண்ட வேண்டும். வேகமாக இழுத்தால் கீச்சிடும், அவன் முகம் சுருங்கும். எப்போது முடிப்போம், அதற்குப் பிறகு அடிக்க ஆள் வருவாரா, அப்போது பட்டறைகள் மூடியிருக்குமா, அதுவரை அவன் நெஞ்சு தாங்குமா, ஒன்றும் தெரியாது. தெரியாமலேதான் சுரண்டுகிறோம்.

போன ஞாயிறு சுரண்டிச் சுரண்டி மணிக்கட்டு விட்டுப்போய், தகட்டைப் போட்டுவிட்டு அப்படியே தம்பிக்கு எதிரே ஒருக்களித்துப் படுத்தேன். என் கன்னத்துக்கு அடியில் எபாக்ஸி வழவழத்தது. அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் தலையைப் பின்னால் நகர்த்தி, உரித்த இடத்தில் எனக்கு ஓர் ஓரம் விட்டான். யாருக்கும் அவன் நகர்ந்து இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் கன்னத்தை அங்கே வைத்தேன். ஈரம் சில்லென்று ஏறியது. கண்ணுக்கு நேரே அவன் கண். மேலே எல்லாப் பட்டறையும் ஓடிக்கொண்டிருக்கிற நேரம். ஒன்றும் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை.

"போதும்" என்றான் என்னிடம்.

அந்த அமைதியில் அவன் இருமினான்.